தவிட்டுக்குப் போன பிள்ளை

மலேசியாவில் ஈப்போ பழைய டவுனில், சீன மருந்துக் கடைக்கு மேலே, 'கிருஷாந்தி அன்ட் கோ' என்று ஒரு பலகை தொங்கும். அந்தக் 'கோ' யார் என்று யாராவது கேட்டால் கிருஷாந்தி தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியைக் காட்டுவாள். டைப் அடிப்பது, நகல் எடுப்பது, தேநீர் கலக்குவது, கோர்ட்டில் எழுந்து நின்று பேசுவது எல்லாம் அவள் ஒருத்திதான். அந்த மரப்படியில் ஏறி வருகிறவர்கள் ஐசி எனும் அடையாள அட்டை இல்லாதவர்கள், குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கும் சிவப்புக் கார்டுக்காரர்கள், பெர்மிட் முடிந்து ஒளிந்து திரிகிறவர்கள். வீடு வாங்குகிறவர்களும் நிலம் விற்கிறவர்களும் எதிர்ச்சாரியில் குளிர்சாதனம் வைத்த வக்கீல்களிடம் போய்விடுவார்கள்.

குடிநுழைவு வழக்கென்றால் செமோரிலிருந்து சுங்காய் வரை அவள் பெயரைத்தான் சொல்வார்கள். அவளுக்கோ குடிநுழைவு அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்துவிடும். கைப்பையில் இதற்கென்றே ஒரு கைக்குட்டை வைத்திருந்தாள்.

ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா சரோஜாதேவியோடு வந்தவள் அவள். தூரத்துச் சொந்தமான மயில்வாகனம் மாமா வீட்டுப் பின்னறையில் தங்கினார்கள். விசா முடிந்தது, அவர்கள் போகவில்லை. போவதற்கு அங்கே வீடும் இல்லை. வாசலில் மோட்டார் சத்தம் நின்றால் அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். வருகிறவர் கேட்டால் மாமியைக் கைகாட்டி, "இதான் எங்கம்மா லா" என்று சொல்ல வேண்டும். 'ஓம்' என்று வாய் தவறியும் சொல்லக்கூடாது, 'ஆமா' என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு எப்படியெப்படியோ சிவப்புக் கார்டு கிடைத்தது, சட்டம் படித்தாள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். பயம் மட்டும் போகவில்லை.

அன்று காலை தொலைபேசியில் வந்த குரலும் பயத்தில்தான் நடுங்கியது.

"லாயர் அக்காவா? நான் பிரமிளா, சுங்காய்லேர்ந்து பேசறேன். எம் புருஷன புடிச்சிட்டாங்கக்கா. கோப்பெங் கிட்ட ரோட் பிளாக்ல லாரிய நிறுத்தி ஐசி கேட்டிருக்காங்க. இவருகிட்ட ஐசி இல்லக்கா. டிரைவர விட்டுட்டு இவர மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"வெளிநாட்டுக்காரரா?"

"என்னாக்கா நீங்க! ஏழாங்கட்டைத் தோட்டத்துல பொறந்தவருக்கா அவரு. அந்தத் தோட்டத்த விட்டா வேற எடம் தெரியாது."

பிறகு அழுகை. அழுகைக்கு நடுவே, எட்டாம் மாதம் என்றும் சொன்னாள்.

*

கிருஷாந்தி தடுப்பு முகாமுக்குப் போய் அவனைப் பார்த்தாள். பெயர் பத்துமலை. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றும் லாரியில் உதவியாள். முப்பத்தெட்டு வயது, கதவை அடைக்கிற உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை போலக் கிசுகிசுத்தான்.

"என்னய எங்கக்கா அனுப்புவாங்க? இந்தியாவுக்கா? எனக்கு அங்க யாரையும் தெரியாதுக்கா."

"யாரும் அனுப்பல. பயப்படாதீங்க." அவள் கோப்பைப் புரட்டினாள். "உங்க பொறந்த சூராவுல, பொறப்புப் பத்திரத்துல, அம்மா பேரு சீனியம்மானு இருக்கு. அவங்களுக்கும் அவங்க வீட்டுக்காரருக்கும் ஐசி நம்பர் இல்ல. ரெண்டு பேரும் இப்ப உயிரோட இருக்காங்களா?"

"இல்லக்கா. சீனியம்மா செத்துப் பத்து வருசமாவுது." அவன் பின்னால் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நீங்க அத்தைய கேளுங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. இருந்தாலும் கேளுங்க."

"அத்தைனா யாரு?"

அவன் உதடு நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பில் படுகிற அளவுக்குக் குனிந்தான்.

"எங்கம்மா," என்றான்.

*

சுங்காய் போகும் வழியெல்லாம் மழை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தபோது தோட்டத்து லயங்களை இடித்துவிட்டு, சனங்களைச் சாலையோரத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசி வீட்டின் தகரத் தாழ்வாரத்தில் பனையோலைக் குவியலுக்கு நடுவே ஒரு அம்மாள் உட்கார்ந்து, ஓலையைச் சீவி ஈர்க்கு எடுத்துக்கொண்டிருந்தாள். விளக்குமாற்றுக்கு. அறுபத்தைந்து வயதிருக்கும். கத்தி ஓலையின் நடுநரம்பை ஒட்டி ஒரே இழுப்பில் ஓடியது. அவள்தான் ராக்காயி.

பிரமிளா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். சோறும் சார்டின் சம்பலும் வைத்தாள். வக்கீல் சாப்பிடாமல் பேச ஆரம்பித்தால் காரியம் உருப்படாது என்பது அந்த வீட்டு முறை போலும். கிருஷாந்தி சாப்பிட்டாள். காரம் காதில் ஏறியது. அதன் பிறகுதான் கேட்டாள்.

"அம்மா, பத்துமலைய பெத்தது யாரு?"

கத்தி நின்றது.

"சீனியம்மா," என்றாள் ராக்காயி.

"யத்தே!" என்றாள் பிரமிளா.

"சீனியம்மா புள்ளதான் அது. நான் வளத்தேன், அவ்ளோதான். தோட்டத்துல யார வேணாலும் கேளு."

"தோட்டத்துல யார கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. எல்லாரும் சேந்துகிட்டுச் சொல்ற பொய்யிதானே அது!"

ராக்காயி கத்தியைக் கீழே வைத்துவிட்டு மழையைப் பார்த்தாள். கூரையை, வாசலை, ஓலைக்குவியலுக்கு அந்தப்பக்கத்தை, எங்கோ ஆள் நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கிருஷாந்தியைக் கூப்பிட்டாள்.

"கிட்ட வாங்கம்மா. மழ சத்தத்துல கேக்காது. எனக்கு மொதல்ல மூணு. ஒண்ணும் தங்கல. ஒண்ணு தவழ்ற வயசுல, காய்ச்சல். ஒண்ணுக்குப் பேரு கூட வைக்கல. மூணாவது நல்லாத்தான் இருந்துச்சு, நல்லாத்தான் பால் குடிச்சுச்சு, விடிஞ்சு பாத்தா இல்ல. அப்பறம் நாலாவது. வயித்துல இருக்கறப்பவே எனக்குத் தூக்கம் போயிருச்சு. அதுக்கு எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சு போச்சும்மா. நேரா வருது, எடுத்துக்கிட்டுப் போவுது."

'அது' எது என்று கிருஷாந்தி கேட்கவில்லை.

"பொறந்தவொடனே மருத்துவச்சி மொறத்துல போட்டா. பக்கத்து லயத்துச் சீனியம்மா ஒரு கைப்புடி தவுடு குடுத்து வாங்கிக்கிட்டா. அவ வேற ஆளுங்க, ஒறவு கெடையாது. அப்பதான் அது குழம்பும். ராக்காயி வீட்டுப் புள்ள எங்கன்னு வந்து பாத்தா, அங்க புள்ள இருக்காது. சீனியம்மா புள்ளதான் இருக்கும். அவ கொண்டாந்து எங்கிட்ட குடுப்பா. 'எம்புள்ளைக்குப் பாலு குடுடீ'ம்பா. நான் கூலிக்காரியாட்டம் குடுப்பேன். குடுத்துட்டு மூஞ்சிய திருப்பிக்குவேன்."

இந்த வழக்கம் கிருஷாந்திக்குக் கேள்விப்பட்டதுதான். பிள்ளை தங்காத வீடுகளில் செய்வார்கள். ஆனால் வாயால் விற்று, வாயால் வாங்கி, பத்திரத்தில் பெற்றவர்கள் பெயரைத்தான் எழுதுவார்கள்.

"பத்திரத்துல ஏன் சீனியம்மா பேரு வந்துச்சு?"

"எங்க வீட்டுக்காரரு சன்னாசிதான். எல்லாரும் வாயால விப்பாங்க. இந்த மனுசன் கவர்மெண்டு எழுத்துலயும் வித்துப்புட்டாரு. 'வாய்ப்பேச்ச அது நம்பாது, எழுத்துல இருந்தாதான் நம்பும்'னு தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணிகிட்டப் போயி, சீனியம்மா பேரையும் அவ புருசன் பேரையும் குடுத்துட்டு வந்துட்டாரு. சீனியம்மா இந்தியாவுலேர்ந்து கைப்புள்ளையா வந்தவ. அவளுக்கு ஐசியும் இல்ல ஒண்ணுமில்ல. அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? மரஞ்சீவப் போறவளுக்கு ஐசி எதுக்கு? பன்னண்டு வயசுல இவனுக்கு ஐசி எடுக்கப் போனப்பதான் முடியாதுன்னுட்டாங்க."

"உங்களுக்குக் குடியுரிமை இருக்கில்ல, நீலக்கார்டு?"

"இருக்கு. நான் இங்க பொறந்தவ."

"அப்ப வழி இருக்கும்மா. பெத்த தாய் நீலக்கார்டுனா, இந்த மண்ணுல பொறந்த பிள்ளையும் குடிமகன்தான். நீங்க கோர்ட்ல வந்து, இவன் என் மகன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். எச்சில் எடுத்து டி.என்.ஏ. பாப்பாங்க. அவ்வளவுதான்."

"மாட்டேன்."

எதிர்பார்த்த பதில்தான். ஆனாலும் அந்த வேகத்தில் கிருஷாந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க சொல்லலன்னா அவர ஜெயில்ல போடலாம். எந்த நாடும் ஏத்துக்காதுன்னா உள்ளயே வச்சிருப்பாங்க. எத்தன வருசம்னு என்னால சொல்ல முடியாது."

"எங்க இருந்தாலும் உசுரோட இருக்கட்டும்."

"உசுரோட இருந்தா போதுமா யத்தே?" பிரமிளா கத்தினாள். முகம் சிவந்து, மூச்சு இரைத்தது. "என் வயித்துல இருக்கறதுக்கு அப்பன்னு யாரு பேர எழுதறது? ஐசி இல்லாதவருன்னு எங்க கல்யாணத்தையே ரெஜிஸ்டர் பண்ணல. இதுவும் அவராட்டம் லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சிகிட்டுத் திரியணுமா? ஒங்களுக்கு ஒங்க பயம்தான் பெருசு. எனக்கு ராத்திரியெல்லாம் குல நடுங்குது, அத யாரு கேக்கறா?"

"திட்டு. நல்லாத் திட்டு. முப்பத்தெட்டு வருசமா நான் அவன மவனேன்னு கூப்புட்டதில்ல. காய்ச்சல் வந்தா நெத்தியில கை வைக்க மாட்டேன், பக்கத்து வீட்டுக்காரிய கூப்புட்டு வைக்கச் சொல்லுவேன். ஒங்க கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கல, பின்னாடி நின்னேன். இதெல்லாம் நான் ஆசப்பட்டா செஞ்சேன்? இப்ப கோர்ட்ல மைக்கு வச்சு எம்மவன்னு கத்தச் சொல்றியே. அதுக்குக் காது கேக்காதா?"

மழை கொஞ்சம் தணிந்தது. ராக்காயி சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மறுபடி மழை வலுக்கும்வரை மூன்று பெண்களும் பேசாமல் இருந்தார்கள். இதை எழுதும்போது சிரிப்பு வரலாம். அங்கே அந்தத் தகரத்துக்கு அடியில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சட்டம் படித்த கிருஷாந்தியும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

"அம்மா," என்றாள் கடைசியில். "எனக்கு விளங்குது. எங்கம்மாவும் என்னை அம்மா எண்டு கூப்பிட விடேல்லை. ஆக்கள் வந்தா பாத்ரூமுக்குள்ள ஒளிச்சிருப்பா. நான் வேற ஒருத்தியக் காட்டி அம்மா எண்டு சொல்லுவன். இப்பவும் காக்கிச் சட்டையக் கண்டா எனக்கு நெஞ்சு அடிக்கும்."

பேச்சு மாறிப்போனது அவளுக்கே தெரியவில்லை. ராக்காயி நிமிர்ந்து அவளை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள்.

"நீங்க சிலோனா?"

"ஓம்."

"கப்பல்ல வந்தீங்களா?"

"பிளேன்ல."

"எதுல வந்தா என்னா, கடல் தாண்டித்தானே!" ராக்காயி ஓலையைத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்தாள். "சீனியம்மா செத்த அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கலம்மா. அவன் ஆளில்லாத புள்ளையா நிக்கறான். யாரு புள்ளன்னு அது கேட்டா, சொல்றதுக்கு ஆளில்ல. அதான் ரோட்டுல புடிச்சிருச்சு. இது மொதல் அடி. அடுத்தது வர்றதுக்குள்ள கைமாத்தி விடணும். எங்களுக்குச் சொந்தமில்லாத ஆளு, எங்க சாதி சனம் இல்லாத ஆளு, தூரத்துலேர்ந்து வந்த ஆளு." அவள் கிருஷாந்தியின் முழங்காலைத் தொட்டாள். "நீங்க வாங்கிக்கங்கம்மா. வாங்கிக்கிட்டீங்கன்னா நான் எந்தக் கோர்ட்லயும் சொல்றேன், பெத்தது நாந்தான்னு. பெத்தா என்ன? புள்ள ஒங்களுது."

கிருஷாந்திக்கு முதலில் எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. கட்சிக்காரரை விலைக்கு வாங்குவதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இடமில்லை. தவிர அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தனக்கு மூன்று வயது இளையவனான ஒரு தடியனுக்குத் தாயாக வேண்டும்.

"வாங்கினா... சீனியம்மாவுக்கு ஏதும் நடந்ததா?"

"ஒண்ணும் நடக்கல. பயந்துகிட்டே கெடந்தா, அவ்ளோதான். அவன் மரத்துல ஏறுனா அவளுக்குப் படபடங்கும். ஆத்துல குளிச்சா கரையில நிப்பா. என் பயத்துல பாதிய அவ வாங்கிக்கிட்டா. எனக்கு அதுல கொஞ்சம் தூங்க முடிஞ்சுச்சு."

பிரமிளா சுவரில் சாய்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அக்கா, தவுடு நம்ம வீட்டுது ஆகாது. வாங்குறவங்கதான் கொண்டாரணும்," என்றாள், சாமான் வாங்கப் போகிறவளிடம் சொல்வதுபோல.

*

சுங்காய் டவுனில் கோழித் தீவனம் விற்கும் கடைக்கு முன்னால் கிருஷாந்தி காரை நிறுத்தினாள். தவிட்டுக்கு மலாய்க்காரர் சொல்லும் 'டேடாக்' என்ற சொல்தான் அங்கே செல்லும். கடை முதலாளியான சீனத் தவுக்கே மூட்டையைத் தட்டிக்கொண்டே, எத்தனை கோழி வளர்க்கிறாய் என்று மலாயில் கேட்டார்.

"ஒண்ணு," என்றாள்.

ஒரு கோழிக்கா என்று அவர் சிரித்துவிட்டு, காகிதத்தில் ஒரு கை அள்ளிப் பொட்டலமாகச் சுருட்டிக் கொடுத்தார். அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். படித்தவள் செய்கிற வேலையா இது? ஆனால் வழியில் ஒரு பனைக்குலை லாரி எதிரே தண்ணீரை வாரியடித்துப் போனபோது, பொட்டலத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

ராக்காயி முறத்தில் பத்துமலையின் வேலைச் சட்டை ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எண்ணெய்க் கறை துவைத்தும் போகாத சட்டை. கிருஷாந்தி தவிட்டை அவள் கையில் கொட்டினாள். ராக்காயி முறத்தை நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று விடவில்லை. விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயின. பிரமிளாதான் மெதுவாக அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"இனி ஒங்க புள்ள," என்று சொல்லிவிட்டு ராக்காயி உள்ளே போனாள். கதவுக்குப் பின்னால் அவள் அழுதது வாசல்வரை கேட்டது.

*

கோர்ட்டில் ராக்காயி நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். பத்துமலையைக் கூண்டில் கொண்டுவந்து நிறுத்தியபோது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் கேட்டார், "இவர் உங்களுக்கு என்ன உறவு?"

ராக்காயி கிருஷாந்தியைப் பார்த்தாள். இவள் இப்போது மறுத்துவிட்டால் எல்லாம் போச்சு. சொல்லிவிட்டு நாளை அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால்? அப்படி ஒரு எண்ணம் தனக்கு வந்ததே என்று திடுக்கிட்டு, தலையை மட்டும் அசைத்தாள்.

"நான் பெத்தது," என்றாள் ராக்காயி. குரல் அறை முழுக்கக் கேட்டது. "என் வயித்துல பொறந்தது. பெத்தது மட்டுந்தான் நானு. இப்ப அந்தம்மா புள்ள."

மொழிபெயர்ப்பாளர் கிருஷாந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முதல் பாதியை மட்டும் மலாயில் சொன்னார். கூண்டிலிருந்தவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் வாயிலிருந்து அவன் அதை முதல்முறையாகக் கேட்கிறான்.

டி.என்.ஏ. முடிவு வரும்வரை ஜாமீன் கிடைத்தது. முடிவு வந்த பிறகும் மனு, மேல்மனு என்று எத்தனை வாசல் ஏற வேண்டுமோ, தெரியாது. ஆனாலும் அன்று சாயங்காலம் வெளியே விடுவதாகச் சொன்னார்கள்.

*

முகாமுக்கு எதிரே, சாலையின் மறுபக்கம் கார் நின்றது. பின்சீட்டில் பிரமிளாவும் ராக்காயியும். ராக்காயி கீழே இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சம் மட்டும் இறக்கியிருந்தாள்.

"மொதக் கை ஒங்க கையா இருக்கணும். மவனேன்னு கூப்புடுங்க. சத்தமாக் கூப்புடுங்க. அது எங்கியாவது நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்."

கிருஷாந்தி தனியாகச் சாலையைத் தாண்டிப் போனாள். தூறல். உள்ளங்கை வழக்கம்போல வேர்த்துவிட்டது, கைக்குட்டை காரிலேயே இருந்தது. வாசலில் நின்ற காவலர் மரியாதையாகத்தான் கேட்டார், நீங்கள் இவருக்கு யார் என்று. ஒன்பது வயதிலிருந்து அவள் பயந்து வந்த கேள்வி அது. வக்கீல் என்றாள் மலாயில். குரல் உடையாமல் வந்தது.

பத்துமலை ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். இளைத்திருந்தான். அவன் கண் அவளைத் தாண்டி, சாலைக்கு அந்தப்பக்கம் காரைத் தேடியது. கிருஷாந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வாடா, மகனே," என்றாள்.

போதாது என்று பட்டது. தெருவே கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டாள். காவலர் தமிழ் தெரியாதவர், சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முதலில் விழித்தான். பிறகு எதிரே காரில் துண்டு மூடிய தலையைக் கண்டு எல்லாம் புரிந்துகொண்டான். சின்ன வயதிலிருந்து பழகியவன்தானே! குனிந்து, "வாரேம்மா," என்றான் கிருஷாந்தியிடம். கண்ணீர் தாடையில் வழிந்தது.

சாலையில் லாரிகள் வந்துகொண்டே இருந்தன. வரும்போது ஒரே ஓட்டமாகத் தாண்டி வந்தவள் இப்போது அப்படிப் போகவில்லை. வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள், மறுபடி வலப்பக்கம். தூரத்தில் ஒரு மோட்டார் வந்தது. அது போகும்வரை நின்றாள். அவன் ஒரு அடி எடுத்து வைத்தபோது, "நில்லு!" என்று அதட்டி இழுத்துக்கொண்டாள். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இது காக்கிச் சட்டையைக் கண்டு அடிப்பது அல்ல.

முன்சீட்டில் அவனை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டாள். பிரமிளா பின்னாலிருந்து அவன் தோளில் முகம் புதைத்துக்கொண்டு விம்மினாள். ராக்காயி அவனைத் தொடவில்லை, பேசவில்லை. கார் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதவில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

சுங்காய் நெருங்கும்போது மழை கனத்தது. கண்ணாடியில் வைப்பர் ஈடுகொடுக்க முடியாமல் அடித்துக்கொண்டிருந்தது. கிருஷாந்தி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஹாரன் அடிப்பவர்களையெல்லாம் போகவிட்டு ஊர்ந்தாள். ராக்காயி பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"மெதுவாவே போங்கம்மா. ஒங்க புள்ள உள்ள இருக்கு."